நான்தான் கட்டுவேன்

"கல்யாணச் செலவப் பத்தி நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க சம்பந்தி. மண்டபம், சாப்பாடு எல்லாத்தையும் நானே பாத்துக்கிறேன்."

இதைச் சொல்லிவிட்டுக் கணேசமூர்த்தி, கைதட்டலுக்கு இடம் விடுபவரைப் போலச் சற்று நிறுத்தினார். மலாக்கா பக்கம் கோலா சுங்கை பாருவில் இருந்த பெண் வீட்டில் யாரும் கைதட்டவில்லை. பெண்ணின் அப்பா வீரமுத்து, வாயில் போட்ட முறுக்கை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். சொந்தமாக லாரி வைத்து மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் ஏற்றிப் போகிறவர். அந்த ஐஸில் கொஞ்சம் இப்போது அவர் முகத்துக்கு வந்திருந்தது.

"எங்களுக்கு வசதி பத்தாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றார்.

"ஐயோ, அப்படி இல்லலா. ஒரு அன்புலதான்..."

"பொண்ணப் பெத்தவன் நான். நான்தான் கட்டுவேன்."

மோகனா கணவரின் முழங்கையைத் தொட்டு, "காப்பி ஆறுது, குடிங்க" என்றாள். அதற்கு 'வாயை மூடுங்க' என்று பொருள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் கணேசமூர்த்தி இன்னும் கற்றுக்கொள்ளாத மொழி அது.

"சம்பந்தி, நான் ஒரு முடிவு எடுத்தா எடுத்ததுதான்" என்றார்.

"நானும் அப்படித்தான்" என்று வீரமுத்து முறுக்கைக் கடித்தார். அறை முழுக்கக் கேட்டது.

கணேசமூர்த்தி தாராளப் பிரபு அல்ல. மலாக்காவில் குடிநீர் அலுவலகம் ஒன்றில் மேற்பார்வையாளர். அவருடைய அன்புக்குப் பின்னால் அவருடைய வங்கி இருந்தது. இந்த மாதக் கடைசி வரை கல்யாண மண்டபத்துக்கும் விருந்துக்கும் கிரெடிட் கார்டில் கட்டினால் மூன்று மடங்குப் புள்ளி என்று அது அறிவித்திருந்தது. அவருடைய திட்டம் எளிமையானது. முழுச் செலவையும் தன் கார்டில் போடுவது. வீரமுத்துவின் பாதியைப் பிறகு நாசூக்காக ரொக்கமாக வாங்கி, வட்டி ஏறும் முன் வங்கிக்கு அடைத்துவிடுவது. பணம் வந்த வழியே போய்விடும், புள்ளி மட்டும் தங்கிவிடும்.

புள்ளி மோகனாவுக்காக. அவளுடைய தங்கை மெல்பர்னில் இருக்கிறாள். கடைசியாக அங்கே போனபோது மலிவு விமானத்தில் முழங்காலை மடக்கி எட்டு மணி நேரம் உட்கார்ந்து, மோகனா சக்கர நாற்காலியில்தான் வெளியே வந்தாள். "இனிமே படுத்துக்கிட்டுப் போற மாதிரி இருந்தா கூப்பிடுங்க. இல்லன்னா அவள நான் போன்லயே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

படுக்கும் இருக்கை பிசினஸ் கிளாஸில்தான் உண்டு. அதைக் காசு கொடுத்து வாங்க வீட்டை விற்க வேண்டும். அன்று முதல் கணேசமூர்த்தி புள்ளி ஆராய்ச்சியில் இறங்கினார். நான்கே வருடத்தில் அறிஞராகிவிட்டார். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு பாடம் நடத்துவார். "புள்ளியக் கொடுத்து பிளெண்டர் வாங்குறவன் வாழ்க்கையில முன்னேற மாட்டான். புள்ளிய விமான மைலா மாத்தணும், மைல சீட்டா மாத்தணும். வால்யூ, வால்யூ" என்பார். குழுவில் பாதிப் பேர் அவரை மௌனத்தில் போட்டிருந்தார்கள். மீதிப் பேர் பிளெண்டர் வாங்கியிருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மோகனா கேட்டாள்: "புள்ளிக்குத்தான்னு உண்மையச் சொல்லிட்டா என்ன?"

"எப்படிச் சொல்றது? நான் காட்டுன பெருந்தன்மைக்கு வங்கி மூணு மடங்கு போடுதுன்னா?"

"அந்தப் பெருந்தன்மைய யாரு கேட்டா?"

"உனக்குப் புரியாது மோகனா. இது கொஞ்சம் டெக்னிக்கல்."

மோகனா ஜன்னல் பக்கம் திரும்பி, ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் அவரே போன் போட்டார். "சம்பந்தி, நேத்து நான் பேசுனது தப்பு. பாதிப் பாதி வச்சுக்குவோம். ஆனா ரெண்டு ரசீது வந்தா குழப்பம். நான் மொத்தமா கட்டிடறேன், நீங்க அப்புறமா என் கையில குடுங்க."

"ஒரே ரசீதுதான வேணும்?"

"ஆமா."

"அப்ப நான் மொத்தமா கட்டுறேன். நீங்க என் கையில குடுங்க. ரசீது ஒண்ணுதான்லா."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. கணேசமூர்த்தி இருமினார். இருமிக்கொண்டே, நெருக்கடியில் மாட்டிய நம் ஆட்கள் எல்லாரும் போகும் இடத்துக்குப் போனார். சாமியைக் கூப்பிட்டார்.

"உங்ககிட்ட மறைக்க விரும்பல சம்பந்தி. எம் மகன் திலீபன் பொறந்தப்ப சுங்கை ரம்பாய் மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல். இவன் கல்யாணச் செலவு முழுக்க என் கையாலதான் நடக்கணும்னு."



"ஆச்சரியமா இருக்கு" என்றார் வீரமுத்து. "எம் பொண்ணு பொறந்தப்ப நானும் அதே ஆத்தாகிட்ட அதே வேண்டுதல்தான் வச்சேன்."

இரண்டு வேண்டுதலையும் ஒரே அம்மன் எப்படி ஏற்றுக்கொண்டாள் என்று கேட்க, இருவரும் சுங்கை ரம்பாய்க்கே போனார்கள். கோவில் பூசாரி காந்தன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காசு கொடுக்காமல் தப்பிக்க வேண்டுதல் சொல்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கொடுத்தே தீருவேன் என்று வந்தவர்கள் இவர்கள்தான்.

"ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு வேண்டுதல் ஆகாதுங்க" என்றார். "ரெண்டு பேரும் சேந்து வெள்ளிக்கிழம அன்னதானம் போட்ருங்க. ஆத்தா ரெண்டு பேரையும் விட்ருவா."

"கார்டு வாங்குவீங்களா சாமி?" இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

"இங்க உண்டியல்தான் இருக்கு" என்றார் காந்தன்.

அன்னதானம் நடந்தது, ரொக்கத்தில். ஒரு புள்ளிகூட ஏறாத செலவு கணேசமூர்த்தியின் நெஞ்சில் கட்டியாக நின்றது. ஆனால் செய்தி பரவிவிட்டது. செலவைத் தள்ளிவிடச் சண்டை போடும் சம்பந்திகளைத்தான் மலாக்கா பார்த்திருக்கிறது. ஏற்றுக்கொள்ளச் சண்டை போடும் சம்பந்திகளை இப்போதுதான் பார்க்கிறது. கோவில் தலைவர் அன்னதானப் பந்தலிலேயே இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார். "இப்படிப்பட்ட வள்ளல்கள் இருக்கும்போது நம்ம கோவிலுக்கு ஒழுகுற கூரை எதுக்கு?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார். கூட்டம் ஆமோதித்தது. பொன்னாடை தோளில் இருக்கும்போது மறுப்பது கடினம். கூரைக்கும் ரொக்கம்தான் போயிற்று.

இதற்குள் மாதக் கடைசி நெருங்கிவிட்டது. திலீபன் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பா முன் நின்றான்.

"மண்டபத்துலேர்ந்து போன். முழுப் பணமும் கட்டலன்னா முப்பதாம் தேதி, திங்கட்கிழம, வேற பார்ட்டிக்குக் குடுத்துடுவாங்களாம். பொண்ணு வீட்டுல மாமா என்னடான்னா, நீங்க அவங்கள ஏழைன்னு நினைக்கிறீங்கன்னு சோறு சாப்பிட மாட்டேங்கிறாராம். அவ அழறா. உங்களுக்கு என்னதான்பா வேணும்?"

"இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் தம்பி."

"மரியாதைக்கு முப்பதாம் தேதி டெட்லைன் வருமா?"

மகன் போன பிறகு கணேசமூர்த்தி கணக்குப் போட்டார். மண்டபம் போனால் கல்யாணம் தள்ளிப் போகும். விட்டுக்கொடுத்தால் மோகனாவின் முழங்கால் இன்னொரு முறை மடங்கும். இரண்டில் எது பெரிது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், மெல்பர்ன் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வெட்கப்பட்டுத் தலை குனிந்து வந்தவளின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் முன்னால் போய்க் கட்டிவிடுவது ஒன்றே வழி என்று தீர்மானித்தார்.

திங்கட்கிழமை, ஆயர் குரோவில் இருந்த மண்டப அலுவலகத்துக்கு, அது திறக்கும் முன்பே போய்விட்டார். வாசலில் ஓர் ஐஸ் லாரி நின்றது.

அலுவலகம் திறந்ததும் லாரியின் கதவு திறந்தது. காரின் கதவும் திறந்தது. ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர், ஓடவில்லை என்று காட்டிக்கொண்டு ஓடினார்கள். கண்ணாடிக் கதவில் தோள்கள் இடித்துக்கொண்டன. கவுன்டரில் இருந்த முத்தாயி அக்கா காதில் போனுடன், கொஞ்சம் இருங்க என்று கையைக் காட்டினார். அதற்குள் இரண்டு கார்டுகள் கவுன்டர் மேல் பட்டென்று விழுந்தன.

இரண்டும் ஒரே வங்கி. ஒரே சாம்பல் நிறம்.

கணேசமூர்த்தி வீரமுத்துவின் கார்டைப் பார்த்தார். வீரமுத்து கணேசமூர்த்தியின் கார்டைப் பார்த்தார்.

"மூணு மடங்கா?" என்றார் கணேசமூர்த்தி, மெதுவாக.

"மூணு மடங்கு" என்றார் வீரமுத்து.

"ஆத்தா வேண்டுதல்?"

"உங்க வேண்டுதல் எந்த வருஷமோ, அதே வருஷந்தான்."

வீரமுத்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என் வீட்டுக்காரி நிர்மலா இதுவரைக்கும் பிளேன் ஏறுனதே இல்ல சம்பந்தி. எங்க கூட்டிட்டுப் போனாலும் இந்த லாரியோட முன்சீட்டுதான். ஏத்துனா நல்ல சீட்டுல ஏத்தணும்னு ஒரு ஆசை. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு மோகனாவோட முட்டிக்கால்" என்றார் கணேசமூர்த்தி. உடனே அறிஞர் தலைதூக்கினார். "மைலா மாத்தணும், தெரியும்ல? பிளெண்டர் கிளெண்டர் வாங்கிடாதீங்க."

"இப்ப மாத்தாதீங்க. அடுத்த மாசம் மாத்துறவங்களுக்கு இருபது பர்சென்ட் கூட மைல் போடறாங்க. நீங்க பாக்கலயா?"

கணேசமூர்த்தி பார்க்கவில்லை. நான்கு வருடப் பாண்டித்தியம் ஓர் ஐஸ் லாரியின் அடியில் நசுங்கியது. ஆனால் ஆச்சரியமாக, வலிக்கவில்லை. தன்னோடு இதைப் பேச உலகத்தில் ஒரு மனிதர் கிடைத்துவிட்டார். அதுவும் சம்பந்தியாக.

"அப்ப ஒண்ணு செய்வோம்" என்றார். "மண்டபம் உங்க கார்டு."

"சாப்பாடு உங்க கார்டு. சாப்பாடுதான் அதிகம், நீங்க மாப்பிள்ளை வீடு."

"வேணாம், நீங்களே பெரிசை எடுத்துக்குங்க."

"சம்பந்தி, மறுபடியும் ஆரம்பிக்காதீங்கலா."

இருவரும் சிரித்தார்கள். வீரமுத்து அவர் தோளில் கை போட்டார். முத்தாயி அக்கா ஒருவழியாகப் போனை வைத்தார். இரண்டு கார்டுகளையும் எடுத்து, உரியவர் பக்கம் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"உள்ள வைங்கண்ணே. உங்க வீட்டம்மாங்க ரெண்டு பேரும் சனிக்கிழமையே வந்து, ஒருத்தங்க மண்டபத்துக்கும் ஒருத்தங்க சாப்பாட்டுக்கும் அவங்கவங்க சொந்தக் கார்டுலயே கட்டிட்டாங்க. அந்தப் புள்ளியில மெல்பர்னுக்குச் சேந்தே படுத்துக்கிட்டுப் போறாங்களாம், நீங்க ரெண்டு பேரும் இன்னும் சண்ட போட்டுக்கிட்டு இருந்தா தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லிட்டுப் போனாங்க."