டாட்டா அக்காவின் வலது தோள்

பூதலூரிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஆட்களை அனுப்பி வைப்பது விமானக் கம்பெனிக்காரர்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு எங்கள் டாட்டா அக்காவைத் தெரியாது. பாஸ்போர்ட், விசா எல்லாம் அப்புறம். ரயில்வே ஸ்டேஷனில் நின்று அக்கா வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினால்தான் எங்கள் தெருவில் ஒருவன் வெளிநாட்டுக்குக் கிளம்பினதாக அர்த்தம். மற்றதெல்லாம் வெறும் டிக்கெட்.

வங்கி வேலையாக அந்த ஊருக்குப் போன நான், ஸ்டேஷன் பக்கத்தில் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே அக்காவும் மகள் செல்வியும். அக்காவின் வீட்டுக்காரர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். குத்தகை வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, கட்டுச் சுமந்து மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தவர் அக்கா. அவருடைய நிஜப் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில்கூட ‘டாட்டா அக்கா அவர்கள்’ என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள்.

நீங்களும் நானும் டாட்டா காட்டுவது ஈ ஓட்டுகிற மாதிரி இருக்கும். அக்கா ஆட்டுவது வேறு. கை விறைப்பாக மேலே போகும், வளையல் முழங்கைக்கு இறங்கும், வண்டியின் கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே நிற்பார்.

“வண்டிதான் போயிடுச்சேக்கா, வாங்க போகலாம்” என்றால் நகர மாட்டார்.

“இருங்க தம்பி. வளைவுல ஒருக்கா திரும்பிப் பாப்பான்.”

தெரிந்தவர்களுக்கு மட்டுமில்லை. வயலில் இடுப்பு வளைந்து நிற்கும்போது ரயில் சத்தம் கேட்டால் போதும், நாற்று முடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்துவிடுவார். யாரென்றே தெரியாதவர்களுக்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

“அவங்கள வழியனுப்ப வீட்டுல யாரும் வந்தாங்களோ இல்லையோ, யாரு கண்டா?” என்றார்.

இப்படிப்பட்ட தோளுக்குத்தான் கேடு வந்தது. முதலில் கொடியில் துணி காயப்போட முடியவில்லை. பிறகு தலை வார முடியவில்லை. கை நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் அக்கா “ஆத்தாடி!” என்று உட்கார்ந்துவிடுவார். நாட்டு வைத்தியம், ஊசி, எண்ணெய், ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. தோள் மசியவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மிலிட்டரியின் மகன் சிங்கப்பூர் கிளம்பினான். மிலிட்டரி என்பவர் பட்டாளத்தில் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவர். ரசத்துக்கு உப்புப் போடச் சொல்வதென்றாலும் கட்டளையாகத்தான் சொல்வார். ஸ்டேஷனில் அக்கா வலது கையைத் தூக்கிப் பார்த்தார், வரவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் இடது கையைத் தூக்கி ஆட்டிவிட்டார்.

பையன் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டான். அங்கே கம்பெனியையே மூடிவிட்டார்களாம். தெரு அதையெல்லாம் ஒத்துக்கொள்ளுமா? டாட்டா அக்கா இடது கையால் அனுப்பினால் ஆள் வாரத்துக்குள் வீடு திரும்பிவிடுவான் என்று தீர்ப்பாகிவிட்டது.

“ஒரு கை ஆட்டுறதுக்கு முன்னாடி இது எந்தக் கைன்னு பார்க்க வேணாமா? என் மகன் வாழ்க்கையே போச்சு!” என்று மிலிட்டரி தெருவில் நின்று கத்தினார். அந்தப் பையனோ திரும்பி வந்த சந்தோஷத்தில் அக்காவுக்குச் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனான்.

இதற்கிடையில் செல்விக்கு லண்டன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பங்குனியில் சேர வேண்டும். “தலைக்கு எண்ணெய் வச்சுக்கக்கூட முடியல, இந்த அம்மாவ விட்டுட்டு நான் எங்கயும் போகல” என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. தோள் வலி இரண்டாம் பட்சம். தன்னால் மகள் பயணம் நின்றுவிடக் கூடாது. நேரே தஞ்சாவூருக்குப் போய் எலும்பு டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். கூட நானும் செல்வியும்.

“மூட்டு தேஞ்சுடுச்சும்மா. தூக்குற தசைநாரும் கிழிஞ்சிடுச்சு. புது மூட்டுதான் வைக்கணும். கிண்ணம் இருக்கிற இடத்துல உருண்டையும், உருண்டை இருக்கிற இடத்துல கிண்ணமும் வைப்போம்” என்றார் டாக்டர்.

“ஏங்க, மாட்டும்போதே தலைகீழாவா மாட்டுவீங்க?”

“அப்படி மாட்டினாதாம்மா உங்க கை மேல போகும்.”

“அப்ப மாட்டுங்க. ஆனா காலைல மாட்டி சாயங்காலம் என்னைய வீட்டுக்கு விட்டுடணும். கட்டில்ல கெடக்குறதப் பாத்தா இவ வேல வேணாம்னு எழுதிப் போட்டுருவா.”

தோளைக் கழற்றி வேறு தோள் மாட்டிவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போவதா? இதெல்லாம் பத்திரமா டாக்டர் என்று நான்தான் கேட்டேன்.

“எல்லாருக்கும் ஒத்து வராது சார்” என்றார் அவர் நிதானமாக. “இவங்களுக்கு இதயம், நுரையீரல், சர்க்கரை எல்லாம் பார்த்தாச்சு. மயக்க டாக்டரும் சரின்னுட்டார். வீட்டுல பார்த்துக்க நர்ஸே இருக்காங்க, ஊரும் பக்கம். காலைல முதல் ஆளா எடுத்துடுவோம். சாயங்காலம் மூச்சு, பிரஷர், வலி எல்லாம் அடங்கி, ரத்தம் கசியாம, சாப்பிட்டு, எழுந்து நடந்து பாத்ரூம் போயிட்டு வந்தா வீட்டுக்கு அனுப்பலாம். இதுல ஒண்ணு சரியில்லன்னாலும் ராத்திரி இங்கதான். அவசரம்னு யாரையும் அனுப்ப மாட்டேன்.”

ஐப்பசி மழையில் மிலிட்டரியின் காரில் போனோம். ஆமாம், அதே மிலிட்டரிதான். “என் மகனுக்கு மறுபடி விசா வருது. அதுக்குள்ள அந்த வலது கை ரெடியாகணும்” என்றார். அக்கா கையில் ஒரு மஞ்சள் பை மட்டும் இருந்தது. மாற்றுப் புடவை எங்கே என்று செல்வி கேட்டாள்.

“எடுத்துட்டு வந்தா தங்க வச்சுடுவாங்கடி. மாத்துப் புடவ இல்லாத மனுஷிய எப்படித் தங்கச் சொல்லுவாங்க?”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலது கை கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. அக்கா அதை இடது கையால் தொட்டுப் பார்த்து, “இது யாரு கை தம்பி? எங்கிட்ட கொண்டாந்து கட்டியிருக்காங்க?” என்றார். இட்லி சாப்பிட்டார். நடந்தார். டாக்டர் வந்து விரல்களை, மூச்சை, கட்டை எல்லாம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மூச்சுத் திணறினால், காய்ச்சல் வந்தால், கட்டு நனைந்தால், விரல் நீலம் பாரித்தால் உடனே கூப்பிடு, மரப்பு விடுவதற்கு முன்பே வலி மாத்திரையைக் கொடு என்று செல்வியிடம் இரண்டு தடவை சொன்னார்.

விளக்கேற்றும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். தெருவே வாசலில் கூடிவிட்டது.

“அதுக்குள்ளயா? ஆபரேஷன் பண்ணினாங்களா, பஞ்சர் ஒட்டி அனுப்பிட்டாங்களா?” என்றது ஒரு குரல். பதில் சொல்ல அக்காவுக்கு நேரமில்லை. ரயில் சத்தம் கேட்டுவிட்டது. பழக்க தோஷத்தில் கையைத் தூக்கப் போனார், மரத்த கை அசையவில்லை. “அட இருடா, உனக்கு அப்புறமா மொத்தமா ஆட்டுறேன்” என்று ரயிலுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கட்டும் தொட்டிலும் எடுத்த பிறகுதான் நிஜமான பாடு. சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்றிக் கையை மேலே கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். நாள்காட்டி மாட்டியிருந்த ஆணியைத் தொட்டுவிட வேண்டும் என்று அக்கா வைராக்கியம் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்று செல்வி மிரட்டுவாள், அக்கா அழுவார், இருவரும் சண்டை போட்டுக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பங்குனி வராமலே இருக்கக் கூடாதா என்று தோன்றும். பங்குனிக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா ஆணியைத் தொட்டார். அன்றைக்குச் செல்வி பெட்டி கட்டத் தொடங்கினாள்.

திருச்சி விமான நிலையம் வரைக்கும் கார் பிடிக்கலாம் என்றார்கள். அக்கா கேட்கவில்லை. ரயிலில்தான் அனுப்புவேன் என்றார். செல்வி ஏறினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வண்டி நகர்ந்தது.

அக்கா இடது கையை முந்தானைக்குள் இறுக்கிச் சுருட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். வலது கை மெல்ல எழுந்தது. நெஞ்சைத் தாண்டி, முகத்தைத் தாண்டி, தலைக்கு மேலே போய் நின்று ஆடியது. வளையல் முழங்கைக்கு இறங்கியது. கடைசிப் பெட்டி மறைந்தது. வளைவும் வெறுமையாகிவிட்டது. கை மட்டும் இறங்கவில்லை.

“இறக்குங்கக்கா, தோள் வலிக்கும்.”

“இறக்கிட்டா அவ போயிட்டான்னு ஆயிடும் தம்பி.”

நான்தான் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டேன். நடைமேடையைத் தாண்டும்போது அக்கா எங்கேயோ பார்த்தபடி கேட்டார்.

“இடது கைய ஆட்டியிருந்தா ஒரு வாரத்துல வந்திருப்பா, இல்ல?”

மிலிட்டரி மகனுக்கும் மறு விசா வந்தது. வலது கையால் அனுப்பப்பட்டு இன்றுவரை அங்கேயே இருக்கிறான். அதன் பிறகு எனக்கு ஓசூருக்கு மாறுதல் வந்தது. பெட்டி படுக்கையோடு ரயில் ஏறினேன். அக்காவும் மிலிட்டரியும் வழியனுப்ப வந்திருந்தார்கள். அதற்குள் அக்காவின் வலது தோள் நன்றாகத் தேறி, துணி காயப்போடுவதும் தலை வாருவதும் சரளமாக நடந்துகொண்டிருந்தது.

வண்டி நகர்ந்தது. அக்கா கையைத் தூக்கினார்.

“ஏம்மா, இடது கை! இடது கை!” என்று மிலிட்டரி பதறிக் கத்தினார். அக்கா காதில் வாங்கவேயில்லை. வண்டி வளைவில் திரும்பும்வரை இடது கையை ஆட்டிக்கொண்டே நின்றார். நானும் வளைவில் ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

அக்கா கொடுத்த அந்த ஒரு வாரம் எப்போதோ தாண்டிவிட்டது. அவருடைய இடது கையைப் பொய்யாக்கிவிடக் கூடாது என்று, ஓசூரில் ஒரு பெட்டியை மட்டும் இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.