பாசியைக் கவனிக்கவும்

“எந்தத் தொட்டிக்கு சார் லைட்டு? மாடித் தொட்டிக்கா?” என்று மின்சாதனக் கடைக்காரர் கேட்டார்.

“மீன் தொட்டிக்கு. உள்ள செடியும் இருக்கு.”

“மீனு என்ன மேடையேறிப் பேசப் போகுதா, வெளிச்சம் போட?”

கேட்க வந்தவர் அச்சுப் பிழை பார்க்கும் மெய்ப்புத் திருத்துநர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறக்குறைய இதே கேள்வியை அவரே தம் மனைவியிடம் கேட்டிருந்தார். தொட்டிக்கு நல்ல விளக்கொன்று வாங்கலாமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்ட நாளில், “மீனுக்கு எதுக்கு இவ்வளவு விலையில லைட்டு?” என்று அவர் மறுத்துவிட்டார். அவள், “சரி, விடுங்க” என்றாள். அந்தச் சொற்களில் கொஞ்சமாவது கோபம் இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். இல்லை என்பதுதான் இன்றுவரை உறுத்தியது.

அலுவலகப் பயிற்சிக்காக மூன்று மாதம் வெளியூர் போகும்போது, அவர் மெய்ப்பு பார்க்கும் மேஜையை ஒட்டியிருந்த தொட்டியின் மேல் அவள் ஒரு சீட்டு ஒட்டினாள்: ‘விளக்கு எட்டு மணி நேரம். தீனி ஒரு சிட்டிகை. பாசியைக் கவனிக்கவும்.’ பழக்க தோஷத்தில் அவர் அதையும் மெய்ப்பாகவே படித்துப் பார்த்து, பிழையில்லை என்று ஓரத்தில் குறியிட்டார்.

எட்டாம் நாள் பழைய விளக்கு உயிரை விட்டது. அவள் திரும்புவதற்குள் தொட்டியைச் செழிக்க வைத்துவிட வேண்டும். அன்று மறுத்ததற்கு அதுதான் ஈடு என்று அவர் முடிவு செய்தார். அந்த ஈட்டையும் மலிவாகவே செய்ய எண்ணியதில்தான் வினை தொடங்கியது.

மின்சாதனக் கடையில் ஒரு மஞ்சள் பல்பு கிடைத்தது. இரண்டு வாரத்தில் செடிகள் வெளுத்து, ஒட்டடைக் குச்சிபோல் நெடுநெடுவென்று வளர்ந்து, பல்பை வெறுத்து ஜன்னல் பக்கம் சாய்ந்தன. படம் எடுத்துக்கொண்டு, மனைவி வழக்கமாகப் போகும் வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினார்.

“மஞ்சள் பல்பு கோழிக்குஞ்சுக்கு வைக்கிறது சார். செடிக்கு வெள்ளை வெளிச்சம் வேணும். இதோ, இது முதல் தரம்.”

விலைச் சீட்டைப் பார்த்தவர், சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார். “இதுல பாதி விலைக்கு ஒண்ணு இருக்கா?”

“இதுல பாதி நீளத்துக்கு இருக்கு.”

அவர் மீண்டும் மின்சாதனக் கடைக்கே போனார். பெயர்ப் பலகைகளுக்குப் போடும் ஃப்ளட் லைட் ஒன்று தள்ளுபடியில் இருந்தது.

“வெள்ளை வெளிச்சம்தானே?”

“கண்ணைப் பறிக்கிற வெள்ளை சார்.”

அதைப் பொருத்திய கணத்தில் மீன்கள் அத்தனையும் உள்ளிருந்த மரக்கட்டைக்கு அடியில் புகுந்துகொண்டன. எதிர்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினார்.

“சினிமா ஏதாச்சும் எடுக்கறீங்களா? எங்க வீட்டுச் சுவத்துல பெரிசு பெரிசா மீன் நிழல் போகுது. மாமியாரு பயந்து போயிட்டாங்க.”

பத்தே நாளில் கண்ணாடியெல்லாம் பச்சை வழவழப்பு படிந்தது. தண்ணீர் வடிகட்டாத கீரைச் சாறு போலாயிற்று. அந்த நேரம் பார்த்து மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

“ஏங்க, தொட்டி எப்படி இருக்கு?”

“பச்சைப் பசேல்னு இருக்கு” என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

“நெஜமாவா! பாசி?”

“அதை ஏன் கேக்கற? அமோகமா வளந்து கெடக்கு.”

“அய்யோ, எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? நல்லா கவனிச்சுக்குங்க.”

“ஞாயித்துக்கிழமை முழுக்க அதுக்குத்தான் ஒதுக்கியிருக்கேன். ஒரு கை பாத்துடறேன்.”

சொன்ன சொல் தவறவில்லை. பழைய பல் துலக்கியும் சுரண்டியுமாக ஞாயிறு முழுவதும் உழைத்தார். கண்ணாடி, கூழாங்கல், குழாய் எல்லாம் பளிங்காயின. மரக்கட்டையின் மேல் மட்டும் விரல் பருமனுக்கு ஒரு பச்சைக் கம்பளம் விடாப்பிடியாக ஒட்டியிருந்தது. போதாக்குறைக்கு அதனடியில் நூல் வேறு சுற்றியிருந்தது. வேண்டாத அத்தியாயத்தை அடியோடு வெட்டும் உறுதியுடன் நூலை அறுத்து, முழுவதையும் வழித்துச் சாக்கடையில் கொட்டினார். ஃப்ளட் லைட்டை ஒரு முழம் உயர்த்தி, மெல்லிய தாள் போர்த்தி, வெளிச்சத்தை அடக்கினார்.

அடுத்த அழைப்பில் கைபேசியைத் தொட்டியின் முன் பெருமையாக நீட்டினார்.

அவள் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். “எங்கங்க பாசி?”

“கவனிச்சாச்சு! மருந்துக்குக்கூட இல்ல!”

“கட்டை மேல இருந்தது?”

“அதுதான் இருக்கறதுலயே மோசம். நூலெல்லாம் போட்டு ஒட்டிக்கிட்டிருந்துது.”

“அந்த நூலு நான் கட்டினதுங்க.”

அவர் கைபேசியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஒவ்வொரு இழையா வெச்சுக் கட்டினேன். அது படர மூணு வருஷமாச்சு. குஞ்சு பொரிச்சா அதுலதான் ஒளிஞ்சுக்கும்.”

“பாசின்னா அழுக்கு இல்லியா?”

“அதுவும் பாசிதான். இதுவும் பாசிதான்.”

“அப்ப ‘கவனிக்கவும்’னு எழுதினியே?”

“கவனிக்கத்தான் சொன்னேன்.” அவர் தொட்டியின் மேலிருந்த சீட்டை மறுபடி படித்துப் பார்த்தார். “சரி, விடுங்க.”

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊரார் எழுத்தில் பொருள் மயக்கம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவருக்கு, வீட்டில் ஒட்டியிருந்த இரண்டு சொல்லில் அது கண்ணில் படவில்லை. பாசி என்றால் இரண்டு. கவனிப்பது என்றாலும் இரண்டு. நான்கு வழிகள் இருந்தும், கெட்ட வழி ஒன்றே அவருக்குத் தோன்றியிருக்கிறது. மனைவியிடமிருந்து வரும் எந்தச் சொல்லையும் ஒரு புகாராகவே படித்துப் பழகிவிட்டோமோ என்ற எண்ணம் வந்ததும், கையிலிருந்த மெய்ப்புத் தாளை அவர் மூடி வைத்துவிட்டார்.

மறுநாள் அரைநாள் விடுப்பெடுத்து மீன் கடைக்குப் போனார்.

“கட்டையில கட்டுற பாசி வேணும். எவ்வளவு இருந்தாலும் குடுங்க.”

“கைப்பிடிதான் இருக்கு. படர வருஷக்கணக்காகும் சார்.”

“தெரியும். அப்புறம் அந்த முதல் தர விளக்கையும் கட்டிடுங்க.”

கடைக்காரர் பாசியைத் தண்ணீரோடு பைக்குள் விட்டுக்கொண்டே, “அது எதுக்கு சார்? மஞ்சளும் வேணாம், கண்ணைப் பறிக்கிறதும் வேணாம். இந்தச் செடிக்கும் பாசிக்கும் சாதாரண வெள்ளை லைட்டே தாராளம்” என்றார்.

“இல்லீங்க. அவ ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான். மீனுக்கு எதுக்குன்னு நான்தான் அவ வாயை அடைச்சிட்டேன். அன்னிக்கே வாங்கியிருக்கணும்.”

கடைக்காரர் பையின் வாயை முடிச்சுப் போட்டு நிமிர்ந்தார்.

“மீனுக்கு இது வேணாம்னு நானும்தான் அவங்ககிட்ட சொன்னேன் சார். ‘எனக்கும் தெரியும்ங்க, தொட்டிப் பக்கத்துல உக்காந்து கண்ணைக் கசக்கிக் கசக்கி ராப்பகலா படிக்கறாரு, அவருக்குன்னு சொன்னா வாங்கவே விடமாட்டாரு’ன்னாங்க.”