தம்பானூரில் நான் செய்த கைது

சட்டத்தைப் பாதி படித்தவனைப் போல ஆபத்தானவன் ஊரில் கிடையாது. 1950-இல் திருவனந்தபுரத்தில் அந்த ஆபத்து நான்தான்.

அன்று சட்டக் கல்லூரியில் குற்ற நடைமுறைப் பாடம். கண்ணெதிரே பெரிய குற்றம் நடந்தால், போலீஸ் அல்லாதவரும் குற்றவாளியைக் கைது செய்யலாம் என்றார் பேராசிரியர். எப்போது செய்யக் கூடாது என்பதை அடுத்த மணி நேரத்தில் சொன்னாராம். அப்போது நான் காப்பிக் கடையில் இருந்தேன்.

மாலையில் செண்பகம் அக்காவைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து மாப்பிள்ளை வருகிறார். அவருடைய பெற்றோர் நாகர்கோவிலிலிருந்து முன்பே வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவரை அழைத்துவரத் தம்பானூர் ஸ்டேஷனுக்கு என்னை அனுப்பினார் அப்பா. நான் அவரைப் பார்த்ததில்லை. "கண்ணாடி போட்ட ஆளுடே" என்பதுதான் அடையாளம்.

கண்ணாடி போட்ட யாரும் இறங்கவில்லை. பிளாட்பாரக் கோடியில், முகமெல்லாம் ரயில் கரி அப்பிய ஒருவன் கருங்கல்லால் ஒரு டிரங்குப் பெட்டியின் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. (கொதிப்பதற்கு முதல் மணி நேரப் பாடம் போதும்.) பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"உம்மைக் கைது செய்கிறேன்!"

"எம் பெட்டிய நான் உடைக்கேன், உமக்கு என்னவே? சாவி தொலைஞ்சு போச்சு, சட்டை மாத்தணும். கைய விடும்வே!"

"எல்லாத் திருடனும் இதத்தான் சொல்லுவான்!"

ஹெட் கான்ஸ்டபிள் சாயா குடிக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை, ஒரு மணி நேரம், நான் அந்தக் கையை விடவில்லை. வந்தவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலாகவே இஸ்திரி போட்ட சட்டை. அதன் கீழே அவன் பெயருக்கு வந்த கடிதங்கள்.

"இவிடெ எதுக்கு வந்நது?"

"பொண்ணு பாக்க."

"ஆரோட பொண்ணு?"

பெட்டிக்காரர் தன் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் அப்பாவின் பெயரைச் சொன்னார்.

நான் யாரென்று சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "மச்சினன் கைது பண்ணுதான். மாமனாரு தூக்குல போட்டுருவாரோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பும் வண்டியிலேயே போய்விட்டார். அவருடைய பெற்றோர் கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். தலை நிறையப் பூவோடு நின்ற அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த இருபத்திரண்டு வயது மடையன் இன்று எதிரே வந்தால் அறைவேன். பெயர் கேட்க வாயில்லையா அவனுக்கு?

இரண்டு வருஷம் கழித்து அக்காவுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆனது. தங்கமான மனிதர். "மச்சினன் அந்த ஆளப் புடிக்கலன்னா எனக்கு இந்த வீட்டுல எல ஏது?" என்று ஒவ்வொரு விசேஷப் பந்தியிலும் சொல்வார். பேரப்பிள்ளைகள்கூட ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, "உம்மைக் கைது செய்கிறேன்" என்று கத்துகிறார்கள்.

போன மாதம், யாரும் இல்லாதபோது, அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அத விடுடே," என்றாள். எழுந்து போனவள் திரும்பி வந்து, "ஆளு பாக்க எப்படி இருந்தாரு?" என்று கேட்டாள்.

ஒரு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். எனக்குக் கரி மட்டும்தான் நினைவில் இருந்தது.