ஆஜர் அக்கா கேட்ட மன்னிப்பு

தாராவியில் எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனையிலிருந்து தப்பித்தவர்கள் இறந்துபோனவர்கள் மட்டும்தான். மற்றவர்களை ஆஜர் அக்கா எங்கிருந்தாலும் பிடித்துவிடுவார்.

1960களில் நான் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அக்கா ஆஸ்பத்திரி ஆயா. சபையில் அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஆனாலும் முதல் பாட்டு முடிவதற்குள் யார் யார் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆஜர் என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ஒரு ஞாயிறு கோயிலுக்கு மட்டம் போட்டுவிட்டு மாட்டுங்கா ஓட்டலில் மசால் தோசையை விண்டுகொண்டிருந்தேன். ஆராதனை முடிந்த கையோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார் அக்கா.

"தின்னு தம்பி, ஆறிரும். காய்ச்சலோன்னு பயந்துட்டேன். நல்லாத்தானே இருக்க? நம்ம சபைப் பெரியவர் ஒருத்தர் முலுண்ட்ல படுத்த படுக்கையா கிடக்காரு. போய்ப் பாத்துட்டு வா."

பெரியவர் ரிட்டயரான ரயில்வே கார்டு. தன் வாழ்க்கையை ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிறுத்திச் சொன்னார். வண்டி மதராஸ் போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆயிற்று. அதற்குப்பின் நிஜமாகவே காய்ச்சல் வந்தபோதுகூட நான் கோயிலுக்குப் போனேன்.

மதுவிலக்குக் காலம் அது. லாரி டியூபில் கள்ளச்சாராயம் கடத்தியதற்காக ஒருவரைச் சபையிலிருந்து நீக்கியிருந்தார்கள். டியூப்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மூன்று மாதம் சீக்காகக் கிடந்து ஒரு சனிக்கிழமை இறந்துபோனார். மறுநாள் ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும் அக்கா எழுந்து நின்றார்.

"பெட்டி தூக்க ஆறு பேரு வேணும். யாரு வாரீக?"

செக்ரட்டரி துள்ளி எழுந்தார். "அந்த ஆளுதான் சபையிலயே இல்லையேம்மா!"

"சபைய விட்டுத்தானே நீக்குனீக? அவன் பொஞ்சாதி போன ஞாயிறு வரைக்கும் நம்ம வரிசையிலதான் உக்காந்திருந்தா. அவ கண்ணீரையும் நீக்கிட்டீகளா?"

ஒரு ஆண்பிள்ளையும் அசையவில்லை. நானும்தான். எனக்குச் செருப்பில் ஏதோ அவசர வேலை இருந்தது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தார். பின்னால் ஐந்து பெண்கள் போனார்கள்.

டியூப்காரர் வீட்டில் ஆறு பேருமாகப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். பெண்கள் பெட்டி தூக்கி அந்தத் தெரு பார்த்ததில்லை. இருபதடி போவதற்குள் வெட்கம் தாங்காமல் நாங்கள் ஓடிப்போய்த் தோள் கொடுத்தோம். போதகரும் அங்கியில்லாமல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "அங்கி போடலேன்னா நான் போதகரா வரல, தெரியுதா?" என்றார். ஜெபம் மட்டும் குறைவில்லாமல் செய்தார்.

மறுவாரம் கமிட்டி கூடியது. அக்கா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். வேடிக்கை பார்க்க வாசலில் சபையே கூடிவிட்டது.

"கேக்கேன்," என்றார் அக்கா. "மூணு மாசம் அவன் சீக்கா கிடந்தான். நான் ரெண்டே தடவதான் போய்ப் பாத்தேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கேன். அடுத்தது யாரு கேக்கீக? செக்ரட்டரி ஐயாவா?"

செக்ரட்டரி மினிட்ஸ் புத்தகத்தை மூடினார். மன்னிப்புச் சரியில்லை, அதனால் ஒரு மாதம் அக்கா கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று தீர்ப்பானது.

"உள்ளதானே கூடாது?" என்றார் அக்கா. அடுத்த ஞாயிறு முதல் மணிக்கே வந்து வெளிப்படியில் அமர்ந்து உரக்கப் பாடினார். இரண்டாம் பாட்டில் பம்பாய் மழை கொட்டத் தொடங்கியது. அக்கா நகரவில்லை.

நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழைச் சத்தத்தில் பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. என் வாழ்நாளில் அதைவிட நல்ல ஆராதனைக்கு நான் போனதில்லை.