வாளியில் ஊற்றிய வேதியியல்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் தொண்டையைத் தவிர. காரணம் கீழே வரும். உன் மகனை வேதியியல் பட்டப்படிப்பில் சேர்க்கப் போகிறாயாமே? கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

அதே வேதியியல் படித்த என் மகளின் பட்டமளிப்பு விழாவில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கூர்ந்து நோக்கும் திறன், பகுத்தாராயும் திறன், குழுவாக உழைக்கும் திறன் என்று அடுக்கினார். நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில் அவற்றை யாரும் கேட்கவில்லை; பற்பசை விற்க வருகிறாயா என்றுதான் கேட்டார்களாம். ஆகவே அத்தனை திறனும் என் வீட்டில் வந்து இறங்கிவிட்டது. உப்பு, சர்க்கரை, என் இருமல் மருந்து எல்லாவற்றிலும் பெயர், தேதி, ஆபத்து என்று சீட்டு ஒட்டியிருக்கிறாள். சமைத்தால் ருசி பார்ப்பதில்லை. கேட்டால், "ஆய்வகத்துல எதையும் வாயில வைக்கக் கூடாதுப்பா, பழகிடுச்சு" என்கிறாள். அந்த ஆய்வுக்கு எலி நான்தான்.

நேற்று என் மேலதிகாரி மனைவியோடு வீட்டுக்கு வருவதாக இருந்தது. பதவி உயர்வு விஷயம். குளியலறை பளிச்சென்று இருக்கட்டுமே என்று கறைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று என இருந்த இரண்டு திரவங்களையும் ஒரே வாளியில் ஊற்றினேன். இரண்டிலும் சீட்டு இருந்தது; பெற்ற தகப்பன் அதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டுமா? வாசலில் மணி அடிக்கிறது, அவர்கள் உள்ளே வருகிறார்கள், மகள் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள், அவ்வளவுதான், "அப்பா, அது விஷவாயு, மூச்சு விடாதீங்க, வெளிய வாங்க!" என்று கத்தியபடி நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்த குளியலறைக் கதவை உதைத்துத் திறந்து, இருமிக்கொண்டிருந்த என்னைப் பனியனோடு தெருவுக்கு இழுத்து வந்துவிட்டாள். மேலதிகாரியையும் விடவில்லை. "சார், பேசாம காத்து வர்ற பக்கம் போய் நில்லுங்க!" என்று மனைவியோடு அவரையும் விரட்டினாள். குழுவாக உழைப்பது இதுதான் போலிருக்கிறது. அக்கம்பக்கம் முழுக்க வேடிக்கை பார்த்தது. மானம் போயிற்று, பதவி உயர்வும் போயிருக்கும். உன் பையனை வேறு எதிலாவது சேர்த்துவிடு.

உன் மனைவிக்கும் பிள்ளைக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: மேலே இருப்பதெல்லாம் மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து கோபத்தில் எழுதியது. இப்போதுதான் மருத்துவர் வந்தார். "இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்திருந்தா கஷ்டம்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.  உன் பையனை வேதியியலிலேயே சேர். நான் அசந்திருந்த நேரத்தில் மகள் என் சட்டைப்பையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள். பெயர்: அப்பா. ஆபத்து: தனியாக விடக் கூடாது. தேதியும் போட்டிருக்கிறாள். நான் அதை உரிக்கவில்லை.