தும்பு போட்ட சுவர்

அய்யா உண்டு

குழித்துறை,
1954, மாசி மாதம்.

அருமனை சம்பந்தி வைகுண்டராஜன் அவர்கள் சமூகத்துக்கு, குழித்துறை தும்புக்கடை பொன்னுலிங்கம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் சம்சாரம் செல்லத்தாயும் பசுவும் கன்றும் சுகம். அவ்விடம் தாங்களும், மதினியாரும், மாப்பிள்ளையும், எங்கள் மகள் முத்துக்கனியும், அவள் வயிற்றில் இருந்துகொண்டு எங்களை இந்தப் பாடு படுத்துகிறவரும் சுகமாக இருக்க அய்யா அருள் செய்யவேண்டும்.

கார்த்திகையில் தாங்கள் விருந்துக்கு வந்தபோது நடந்ததைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பருப்பு விட்டுச் சோறு பிசைகிற நேரம் பார்த்து, நடு அறைச் சுவரிலிருந்து வட்டமாக ஒரு பூச்சுச் சில்லு உதிர்ந்து தங்கள் இலையில் விழுந்ததும், தாங்கள் பேச்சு மும்முரத்தில் அதைப் பப்படம் என்று நினைத்துப் பருப்பில் பொடித்ததும், சொல்லவா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே முதல் உருண்டை உள்ளே போய்விட்டதும் இன்று நினைத்தாலும் எனக்கு வேர்க்கிறது. வாய் கொப்பளித்துவிட்டுத் தாங்கள் சொன்னீர்கள்: "இந்தச் சொவத்துக்க கீழ எனக்க மருமவளப் பிரசவத்துக்குப் படுக்க விடமாட்டேன். சொவரு ஒழுங்கான பொறவு வந்து கூட்டிட்டுப் போவும்." நியாயமான பேச்சுதான். ஆனால் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வராவிட்டால் செல்லத்தாய் என்னை இந்த வீட்டில் வைத்திருப்பாளா என்பதையும் தாங்கள் யோசிக்கவேண்டும்.

எப்படியோ பெர்மிட்டில் சிமெண்டு கிடைத்தது. வெறும் சிமெண்டும் மணலும் பூசினால் காய்ந்ததும் வெடிக்கும், ஒரு வெடிப்பு விழுந்தால் அது உத்தரம்வரை ஓடித்தான் நிற்கும். நானோ விவரம் தெரிந்த நாள் முதல் தேங்காய் மட்டைத் தொண்டை அடித்து, நார் நாராகத் தும்பாக்கி விற்கிறவன். அந்தத் தும்பைக் கலவையில் போட்டால் அது குறுக்கே கிடந்து வெடிப்பை மறித்துவிடாதா என்று எனக்குத் தோன்றிற்று. கொத்தனார் ஞானதாசன், "வேய், நீரு சொவரு பூசப் போறீரா, மெத்தை தைக்கப் போறீரா?" என்று கேட்டுக்கொண்டேதான் கலவை குழைத்தார். அவசரத்தில், ஊறப்போடாத பச்சைத் தொண்டின் தும்பைப் போட்டுவிட்டோம். அத்தான் (கை தானாக எழுதிவிட்டது, அப்படியே இருக்கட்டும்), பச்சைத் தும்பின் கறை சிமெண்டை இறுகவே விடாது என்பது எங்கள் ரெண்டு பேருக்கும் அப்போதுதான் தெரியவந்தது. விரலை வைத்தால் விரல் உள்ளே போகிறது, சுவரிலிருந்து சாயா நிறத்தில் தண்ணீர் வடிகிறது, செல்லத்தாய் ஒரு கிளாசைக் கொண்டுவந்து அடியில் வைத்து, "இனி சீனி மட்டும் போட்டாப் போரும்" என்கிறாள். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஆற்றோரக் குழியில் நன்றாக அழுகின தும்பை எடுத்துப் போட்டோம். இறுகிற்று. ஆனால் சரியாக அலசாததால் அடித்த நாற்றத்தில், இங்கே யாராவது காலமாகிவிட்டார்களா என்று பக்கத்து வீட்டார் வந்து துக்கம் விசாரித்தார்கள். நறுக்காமல் நீளமாக விட்டதால் சுவருக்குத் தாடி வேறு முளைத்து, அணில்கள் கூடு கட்டுவதற்கு இழுத்துக்கொண்டு ஓடின. "அணிலு பெத்துப் பொழைக்கவும் வழி ஆச்சி. நமக்க பிள்ளைக்குத்தான் ஆவல்ல" என்றாள் செல்லத்தாய். சொல்லிச் சிரித்தவள் அப்படியே அழுதுவிட்டாள்.

இப்போது செய்திருப்பது மூன்றாவது பூச்சு. தும்பை ஆற்றில் அலசி, வெயிலில் உலர்த்தி, விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு கூடை கலவைக்கு ஒரு பிடி. கூடினால் பந்து பந்தாகத் திரண்டுவிடும், குறைந்தால் பிரயோசனம் இல்லை. அதே கலவையில் ஒரு பலகையும் வார்த்து, ரெண்டு கல்லுக்கு நடுவே வைத்து, ஊரறிய நானே ஏறி உட்கார்ந்தேன். பலகை நடுவில் படீரென்று வெடித்தது. ஆனால் அத்தான், பிரியவில்லை! ரெண்டு பாதியையும் தும்பு விடாமல் பிடித்துக்கொள்ள, நான் நடுவில் ஏணைத் தொட்டிலில் கிடக்கிற மாதிரி கிடந்தேன். என்னைத் தூக்கிவிட வந்த ஞானதாசன் சிரித்த சிரிப்பில் அவரும் உட்கார்ந்துவிட்டார். ஆகையால் சுவரில் கீறலே விழாது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். விழும், விழுந்த இடத்திலேயே நிற்கும், ஒரு பொட்டுக்கூட கீழே உதிராது. நீங்க வந்து தட்டிப் பாக்கணும், தலையால வேணும்னாலும் முட்டிப் பாக்கலாம், ஆனா பிள்ளைய அனுப்பி வைக்கணும் அத்தான். வியாபாரத்துல எனக்கு மனசு ஓடல்ல. அவ குரலக் கேட்டு எத்தனை நாளாச்சு. எனக்க பிள்ளையப் பாக்கணும்போல இருக்கு, வேற ஒண்ணும் இல்ல.

தங்கள் வீட்டு வாசலில் நெல்லும் மாடும் பெருகவும், பேரப்பிள்ளை தங்கள் மடியில் வளரவும் அய்யாவை வேண்டிக்கொள்கிறோம். மதினியாருக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
பொன்னுலிங்கம்.

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்கவேண்டாம். உறை ஒட்ட நான் பசை தேடிக்கொண்டிருக்கையில் வாசலில் வில்வண்டி வந்து நின்றது. மதினியாரும் முத்துக்கனியும் இறங்கினார்கள். "அவரு சொவத்தப் பத்தியே பேசிட்டு இருக்கட்டும், பிள்ளை அம்மையத் தேடுது" என்றார் மதினியார். தாங்கள் சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் புறப்பட்டதால், தேடாமல் இருக்க இந்தக் கடிதத்தை அந்த வண்டிக்காரரிடமே கொடுத்தனுப்பச் சொல்கிறார். முத்துக்கனியைக் கூட்டிப்போய்ப் புதிதாகப் பூசின நடு அறையைக் காட்டினேன். "நல்லாருக்கு அப்பா" என்றாள். சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போய், அம்மை பக்கத்தில் விரித்துப் படுத்துக்கொண்டாள். பிரசவம்வரை அங்கேதான் படுப்பாளாம். அடுக்களைச் சுவரை நான் இன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்க்கிறேன், அத்தான். மேலேயிருந்து கீழேவரை விரிசல். பிள்ளை அயர்ந்து தூங்குகிறாள், எழுப்ப மனசு வரவில்லை. சுவருக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.