தந்தை பெயர்ப் பெட்டி

ஒழுங்கில்லாதவன் ஏதோ ஓரிடத்தில் தவறு செய்வான். ஒழுங்கானவன் செய்யும் தவறு, வைத்த இடத்திலெல்லாம் ஒரே மாதிரி அமைந்துவிடும். நான் இரண்டாம் வகை. பதினாறு வயதிலிருந்து நாள் தவறாமல் டைரி எழுதுகிறேன். 2017-ஆம் ஆண்டு டைரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரே வரிதான் இருக்கிறது: "ஒன்றும் புரியவில்லை."

எனக்கும் ஷீபாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். எனக்குக் களியக்காவிளை, அவளுக்குக் குளச்சல் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். மாமனார் அந்தோணிமுத்து மீன் வியாபாரி. வலை, வள்ளம், ஐஸ் பெட்டி என்று கண்ணுக்குத் தெரிகிற தொழிலை மட்டும் நம்புகிறவர். "மாப்பிள்ள கம்ப்யூட்டர்ல என்ன வேலையாக்கும் செய்யுதிய?" என்று மூன்று முறை கேட்டார். (மூன்று முறையும் விளக்கினேன். மூன்று முறையும் அவர் பேச்சை ஐஸுக்கு மாற்றினார்.)

வாயால் சொல்லிப் புரியாததைச் செய்து காட்டலாம் என்று, அவர்கள் கோயிலுக்குத் திருமணப் பதிவுக்கான வெப் ஆப் ஒன்றைச் சும்மாவே செய்து கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டு விவரம் ஒரு பக்கம், பெண் வீட்டு விவரம் அடுத்த பக்கம். இரண்டையும் நிரப்பினால் கல்யாண அறிக்கை அச்சாகி வரும். அதைச் சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்; திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் நடத்த மாட்டார்கள்; அது தொடங்குவதற்கு முன் எங்களுக்குச் சரியாக மூன்றே ஞாயிறுகள்தான் இருந்தன. ஒன்று தவறினால் கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகுதான். அதற்குள் ஷீபாவின் அண்ணன் லீவு முடிந்து துபாய்க்குப் போய்விடுவார்.

அப்போது எனக்குக் காம்பொனென்ட் பைத்தியம். விவரம் நிரப்புகிற ஒரு பெட்டியை ஒரே முறை செய்தால் போதும். வேண்டிய பக்கத்திலெல்லாம் அதையே வைத்துக்கொள்ளலாம். முதலில் 'தந்தை பெயர்' பெட்டியைச் செய்தேன். இரண்டு பக்கத்திலும் வைத்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே நாற்பது முறை சோதித்தேன். இரண்டையும் சேர்த்து ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. தாய் பெயருக்கு நேரம் கிடைக்காததால் அங்கே பழைய பெட்டிகளே இருந்தன. தாய்மார்கள் தப்பியது அப்படித்தான்.

முதல் பக்கத்தை நான் நிரப்பினேன். சனிக்கிழமை, அடுத்த பக்கத்தைக் கோயில் உபதேசியார் நிரப்பி அச்செடுத்தார். ஞாயிறு காலை முதல் பூசையில் மாமனார் பக்கத்தில் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். சாமியார் மளமளவென்று வாசித்தார்:

"களியக்காவிளை அந்தோணிமுத்து, லில்லி தம்பதியரின் மகன் ஜஸ்டினுக்கும், நம் ஊர் அந்தோணிமுத்து, பிலோமினா தம்பதியரின் மகள் ஷீபாவுக்கும்..."

அங்கே நின்றுவிட்டார். லில்லி என் அம்மாதான். ஆனால் என் அப்பா பெயர் செல்லத்துரை. அம்மாவைப் பெண் வீட்டுப் பெரியவர்கள் 'மாப்பிள்ளைக்க அம்மா' என்றே அழைத்ததால் அவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. பெண்கள் பக்கத்திலிருந்து மாமியார் பிலோமினா எழுந்தார்.

"ஆருவே அந்த லில்லி?"

"மாதாவாண எனக்குத் தெரியாது புள்ள!" என்றார் மாமனார்.

"வெயாழக்கெழம தோறும் களியக்காவிளைக்கு மீன் லோடு கொண்டு போறேன்னு போறது இதுக்காக்கும்!"

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "அண்ணனும் தங்கச்சியும்னா அது தடைதான சாமி?"

பூசை முடிந்ததும் எல்லோரும் கோயில் அலுவலகத்தில். இரண்டாம் பூசைக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் சரியான அறிக்கை வந்தால் இந்த ஞாயிறு செல்லும் என்றார் சாமியார். முதல் பக்கத்தில் அந்தோணிமுத்துவை அழித்துவிட்டுச் செல்லத்துரை என்று அடித்தேன். அடுத்த பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் செல்லத்துரை.

மாமனார் திரையை உற்றுப் பார்த்தார். "மாப்பிள்ள, இப்ப எனக்க மவளயும் ஒங்க அப்பாவுக்குக் குடுத்தாச்சா?"

அங்கே திருத்தினால் இங்கே மாறியது. இங்கே திருத்தினால் அங்கே மாறியது. ஆறு முறை எனக்கும் ஷீபாவுக்கும் ஒரே அப்பாதான். பெட்டி ஒன்றேயானாலும் வைக்கும் இடம்தோறும் அதற்குத் தனி நினைவு வேண்டும், நான் இரண்டுக்கும் ஒரே நினைவைக் கொடுத்திருக்கிறேன் என்பது மறுநாள்தான் விளங்கியது. அன்று எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. (தீர்த்தம் தெளிக்கட்டுமா என்று உபதேசியார் கேட்டார். வேண்டாம் என்று நான் உடனே சொல்லவில்லை.)

ஷீபா மெதுவாக உள்ளே வந்தாள். அச்சான தாளை எடுத்தாள். முதல் அந்தோணிமுத்துவைப் பேனாவால் அடித்து, மேலே செல்லத்துரை என்று எழுதினாள். பத்து நொடி ஆகியிருக்கும்.

"இதுக்காக்கும் ஒரு மாசமா ஒறங்காம இருந்திய?"

இரண்டாம் பூசையில் சாமியார் தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை மனதுக்குள் படித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். கடைசியில் தாளில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தார்: "மணமக்கள் அண்ணன் தங்கை அல்ல. பெண்ணின் தகப்பனார் நிரபராதி."

தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம் நடந்தது, ஷீபாவின் துபாய் அண்ணனும் இருந்தார். இன்றைக்கும் வியாழக்கிழமை லோடு வண்டி கிளம்பும்போது மாமியார், "லில்லிக்கு நல்ல நெய்மீனா ஒண்ணு எடுத்து வையும்" என்று மாமனாரிடம் சொல்லாமல் விடுவதில்லை. (அம்மாவுக்கு மீன் ஒழுங்காக வந்து சேர்கிறது. அதனால் அவருக்கு ஆட்சேபம் இல்லை.)

நானும் அதன்பிறகு எத்தனையோ பெட்டிகள் செய்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் தனித்தனி நினைவு. பலனில்லை. மகளின் பள்ளி விண்ணப்பம் எது வந்தாலும் 'தந்தை பெயர்' என்ற இடத்தை ஷீபாதான் பேனாவால் நிரப்புவாள். நிரப்பிவிட்டு என்னிடம் நீட்டுவாள்:

"சரியா இருக்கான்னு பாருங்கண்ணா."